குழாயை அடைத்த கரடி

ஒரு கரடி தன் வீட்டில் ஒழுகும் குழாயை அடைக்கப் பார்க்கிறது. கதை இவ்வளவுதான். கையால் வரைந்த பழைய வெளிநாட்டுக் கார்ட்டூன். வசனம் இல்லை, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் கொஞ்சம் இழுவை. ஒரே வேடிக்கையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். செய்தித்தாளில் பட விமர்சனம் எழுதிய காலத்தில் என்னிடம் இதைத் தந்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். இப்போது முடியவில்லை. அந்தப் படத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவன்.

போன கோடையில் என் மனைவிக்கு முகத்தின் வலப்பக்கம் செயலிழந்துபோனது. பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் கடைவாயில் வழிந்தது, அப்போதுதான் தெரிந்தது. நரம்புக் கோளாறு, மெல்லச் சரியாகும் என்றார் மருத்துவர். தினமும் கண்ணாடி முன் நின்று கன்னத்தை உப்ப வேண்டும், உதட்டைக் குவிக்க வேண்டும், சிரிக்க வேண்டும். அவள் சுவர்க் கண்ணாடியைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள். முந்தானையால் வாயை மறைத்தபடியே பேசப் பழகினாள்.

சின்னமனூரில் இருக்கும் என் தங்கை, தன் கடைக்குட்டிக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் சீர் எங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். மேளத்துக்குப் பின்னால் முதல் தட்டை மாமன் மனைவி ஏந்தி வருவது எங்கள் வழக்கம். தெருவே வாசலில் நின்று பார்க்கும்.

"இந்தக் கோண வாயோட நான் முன்னால வர மாட்டேன். வேற யாரையாச்சும் தூக்கச் சொல்லுங்க" என்றாள்.

தங்கை போனில் அழுதாள். "மதினி வராம எனக்கு எதுக்குண்ணே சீரு?"

தேனியில் பிசியோதெரபிக்குப் போய்க் காத்திருந்தபோதுதான் அந்தக் கார்ட்டூனைப் பார்த்தோம். சுவரில் டிவி, சத்தம் வைக்கவில்லை. கரடி ஓட்டையை விரலால் அடைத்தது. பக்கத்தில் இன்னொரு ஓட்டை. கால் கட்டைவிரலால் அதை அடைத்தது. அடுத்ததற்கு மூக்கு.

"ஏலே, மொதல்ல மேல போயி வால்வை மூடுறா" என்றார், கழுத்தில் பட்டை மாட்டியிருந்த ஒருவர். கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர்.

எதிரே வருசநாட்டு அம்மாள் ஒருவர், கையில் மாவுக்கட்டு. "எப்பிடிப்பா மூடுறது? அடுத்த தோட்டத்துக்காரக தண்ணி பாய்ச்சுற முறையா இருந்தா சண்டைக்கு வர மாட்டாகளா?"

"இது வீட்டுக் கொழா, ஆத்தா. முறைத்தண்ணி இல்ல."

"கரடிக்கு வீட்டுல கொழாயா? எங்க வீட்டுக்கே இன்னும் கனெக்சன் வரல."

அறை முழுவதும் சிரித்தது. அதன் பிறகு ஆளாளுக்குக் கரடிக்கு யோசனை சொன்னார்கள். சைக்கிள் டியூபைச் சுற்று என்றார் ஒருவர். சாக்கைத் திணி என்றார் இன்னொருவர். கடைசியில் கரடி குழாயிலேயே வாயை வைத்தது. தண்ணீர் ஏறி ஒரு கன்னம் மட்டும் பூசணிக்காய் போல உப்பியது.

"அதுக்கும் ஒரு பக்கந்தேன் வேலை செய்யிது" என்று முந்தானைக்குள்ளிருந்து என் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கை தானாக இறங்கியது. வாய் முழுக்க இடப்பக்கம் இழுத்துக்கொண்டது, மூடாத வலக்கண்ணில் நீர் கோர்த்தது.

வருசநாட்டு அம்மாள் அவளை நிதானமாகப் பார்த்தார். "கோணலாத்தேன் இருக்கு" என்றார். "எனக்குப் பல்லே கெடையாது. நான் மூடிக்கிட்டா இருக்கேன்?"

அவர் வாயைத் திறந்து காட்டினார். என் மனைவி இன்னும் சிரித்தாள். உள்ளே கூப்பிடும்வரை இருவரும் கரடியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது, "மொதத் தட்டுல என்ன வைக்கிறது?" என்று கேட்டாள்.

"பழம்?"

"கனக்கும். துணிமணி வைப்போம்."

காதுகுத்து அன்று வாய் பாதிதான் சரியாகியிருந்தது. தட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். முகத்தை மறைக்க வழியில்லை. அவள் மேளத்துக்குப் பின்னால் நடந்தாள். தெரு பார்த்தது. பாதி வழியில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "வாய்க்கு என்ன மதினி ஆச்சு?" என்று உரக்கக் கேட்டாள்.

"ஒரு பக்கம் லீவு போட்டிருக்கு" என்றாள் நிற்காமலே.

வாசலில் தங்கை தட்டை வாங்கிக்கொண்டாள். கை காலியான பிறகும் என் மனைவி முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தாள்.