அத்தாவின் கடைவாய்ப் பல்

ஏழு வயதில் எனக்கு ஒரு பக்கக் கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. கேம்பல் தெருவில் ஒரு சீனப் பல் வைத்தியர் இருந்தார். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி நிறையப் பொய்ப்பற்கள் வைத்திருப்பார். எல்லாம் அழுத பிள்ளைகளிடம் பிடுங்கியவை என்று அண்ணன் சொல்லியிருந்தான். உம்மா என்னை அத்தாவோடு ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினார்.

அத்தா குரலை உயர்த்தினால் சூலியா தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்குள் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். வைத்தியர் இழுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்றை என் கையில் கொடுத்தார். பிறகு நாற்காலியைக் காட்டி அத்தாவை உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்ல, புள்ளைக்குத்தான்" என்று மலாயில் சொல்லிக்கொண்டே அத்தா பின்னால் நகர்ந்தார்.

"நீங்க உக்காந்தா நானும் உக்காருறேன் அத்தா" என்றேன்.

உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை அவர் வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். வெற்றிலைக் கறை, ஆடும் உள்நாக்கு, கடைசியில் கன்னங்கரேலென்று ஒரு பல்.

"அத்தா, இதுல ஓட்டை இருக்கு! எறும்பே உள்ள போகலாம்!"

வைத்தியரும் எட்டிப் பார்த்து, ஊசியை எடுத்தார். "ஜாங்ஙான் தாக்குட்" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். "எனக்குப் பயமில்லை" என்று நான்தான் பதில் சொன்னேன். வைத்தியர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

குறடு உள்ளே போனது. அத்தா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், சத்தமே இல்லை. தட்டில் விழுந்த பல்லுக்கு மூன்று வேர்கள் இருந்தன. என் பல்லுக்கும் வேர் இருக்குமா? அதைத் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் நானே நாற்காலியில் ஏறினேன். என் பல்லை வாங்கிப் புரட்டிப் பார்த்த பிறகுதான் அழவேண்டும் என்ற ஞாபகமே வந்தது.

வாயில் பஞ்சோடு இருவரும் வீடு திரும்பினோம். "எனக்குப் பயம் போகணும்னு அத்தாவே மொதல்ல உக்காந்தாங்க" என்று உம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். உம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

ஆறு மாதமாக அத்தா பல்வலிக்குக் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு, வைத்தியர் என்றாலே தன் கடைக்கு ஓடிப்போனது எனக்குத் தெரியாது. "நாளைக்கு ரெண்டு பேர் வர்றாங்க" என்று உம்மா முதல் நாளே வைத்தியருக்கு ஆளனுப்பிச் சொல்லியிருந்ததும் தெரியாது.