சலாஹுதீன் என்ற பெயரில் வந்த ஹஃப்ஸா

“இனிமே அந்தப் பிள்ளைய நான் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவேன்?” என்று அருள்செல்வி டீச்சர் என்னிடம் கேட்டார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டேன். இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர் கீழ்வேளூர் பக்கம் எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். ஞாயிறுதோறும் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுபவர், அதனால் குரல் கணீரென்று இருக்கும். கொரோனாவில் பள்ளியை மூடியபோது, போனில் பாடம் நடத்திப் பார்க்கலாம் என்று முதலில் இறங்கியவர் அவர்தான். வீட்டுச் சமையலறைச் சுவரில் கரும்பலகைப் பெயிண்ட் அடித்தார். போனை ஜன்னல் கம்பியில் ரிப்பனால் கட்டினார். முதலில் போட்ட செயலியில் குரல் திக்கியது, அடுத்ததில் படம் உறைந்து நின்றது. மூன்றாவது ஒத்துவந்தது. பிறகு ஒரு வினாடி வினா விளையாட்டைக் கண்டுபிடித்தார். கேள்வி வந்ததும் யார் சரியாக, வேகமாக அழுத்துகிறார்களோ அவர்கள் பெயர் மேலே ஏறும்.

ஆனால் ஏறியதெல்லாம் எங்கள் பெயர் இல்லை. போன் அப்பாக்களுடையது, அதனால் திரையில் அப்பாக்களின் பெயர்கள். நான் என் அப்பா பெயரில் இராஜாங்கம். கூடப் படிக்கும் ஜாஸ்லின், அவள் அப்பா பெயரில் ஜோசப்ராஜ். ஹஃப்ஸாவும் எங்கள் வகுப்பு; அவள் அத்தா சவுதியில் தமாமில் லாரி ஓட்டினார். ஊருக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்த போனில் அவரே தன் பெயரைப் போட்டு வைத்திருந்தார். அதனால் தினமும் முதலிடத்தில் நின்றவர் சலாஹுதீன்.

பெயரை மாற்றுவது சுலபம் என்று டீச்சருக்கு இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் அது வகுப்பின் வேடிக்கையாகிவிட்டது.

“இராஜாங்கம், நேத்து வீட்டுப்பாடம் எங்க?”

“அவரு வயலுக்குத் தண்ணி கட்டப் போயிட்டாரு டீச்சர்.”

“ஜோசப்ராஜ், பின்னாடி யாரு கோழிய விரட்டுறது?”

“எங்க வீட்டுக்காரம்மா டீச்சர்” என்பாள் ஜாஸ்லின். அவள் அம்மா பின்னாலிருந்து திட்டுவது எல்லாருக்கும் கேட்கும்.

“இருக்கட்டும், இப்படியாவது சிரிச்சுக்கிட்டு வருதுங்க” என்று டீச்சர் பெயர்களை அப்படியே விட்டுவிட்டார். நான் சிக்னலுக்காக வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்திருப்பேன். எதிரே நடவு நடக்கும். எங்களில் சிலர் அந்த வயலில்தான் இருந்தார்கள். போன் இல்லாதவர்கள் அவர்கள். அவர்களையும் டீச்சர் சாயங்காலம் போய்ப் பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் விளையாட்டின் நடுவே ஹஃப்ஸாவின் சத்தம் நின்றது. போனுக்கு அழைப்பு வந்திருக்கும் என்று நினைத்தோம். பெயர் மட்டும் திரையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மைக் திரும்பத் திறந்தது. ஏதோ இரைச்சல். டீச்சர் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“என்ன சலாஹுதீன், அடுத்த கணக்க நீங்க சொல்லுங்க.”

இரைச்சல்தான் கூடியது.

“சலாஹுதீன்? கேக்குதா?”

“யாரு அவங்களக் கூப்புடுறது?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஹஃப்ஸாவின் அம்மா ஜன்னத் பீவி. “போன்ல யாரோ அவங்களக் கூப்புடுறாங்கடி, ஹஃப்ஸா, பாருடி.” அதற்கு மேல் அழுகைதான். பிறகு அந்தப் பெயர் திரையிலிருந்து போய்விட்டது.

தமாமிலிருந்து வந்த அழைப்பு அது. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்த ஹஃப்ஸாவின் அத்தா முந்தைய இரவே இறந்துவிட்டார். அடக்கமும் அங்கேயே.

டீச்சர் அந்த விளையாட்டை அதோடு நிறுத்தினார். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து பெயரை மாற்ற வைத்தார். பிறகு ஹஃப்ஸா வீட்டைக் காட்டச் சொல்லி என்னை அழைத்துப் போனார். ஜன்னத் பீவி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் காலம் அது. அவருடைய அண்ணன் நெய்னா முகம்மதுதான் வாசலுக்கு வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அந்த போனுக்குக் கம்பெனியிலேர்ந்து கூப்புடுவாங்க. பிள்ளைகிட்ட குடுக்க முடியாது.”

“போன் நான் கொண்டாந்திருக்கேங்க. அவ பேரே போட்டிருக்கேன்” என்று டீச்சர் தன் பழைய போனை நீட்டினார்.

அவர் வாங்கிக்கொண்டார். “குடுத்துப் பாக்குறேன். உங்க குரல் கேட்டாலே தங்கச்சி எழுந்து உள்ளற போயிடுது. உங்க மேல கோவம்னு இல்ல.”

உள்ளே கதவோரம் ஹஃப்ஸா நின்றாள். டீச்சர் அவளைக் கூப்பிட வாயெடுத்து, கையை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்பினார். வரும் வழியில் மதகருகே வண்டியை நிறுத்தித்தான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஒரே ஒரு நாள் ‘ஹஃப்ஸா’ என்ற பெயர் திரையில் வந்தது. டீச்சர் கூப்பிடவில்லை. கணக்கைப் பலகையில் எழுதி, எங்களுக்குக் காட்டிவிட்டு அப்படியே நின்றார். தன் குரல் அவள் அம்மாவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்ததாகப் பின்னால் சொன்னார். வகுப்பு முடியும் வரை அந்தப் பெயர் இருந்தது, ஒரு பதிலும் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

பள்ளி திறந்தபோது அவர்கள் ஊரில் இல்லை. கூத்தாநல்லூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நெய்னா முகம்மது போனை ஆள் மூலம் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டு அவரும் வேலைக்கு வளைகுடா நாட்டுக்குப் போனார். போன் துடைத்து, முழு சார்ஜில் இருந்தது. டீச்சர் இருமுறை கூத்தாநல்லூர் போய்த் தெருத்தெருவாக விசாரித்தார். கிடைக்கவில்லை. அவளுடைய மாற்றுச் சான்றிதழை இதுவரை யாரும் வந்து வாங்கவில்லை. அப்படியானால் அவள் வேறு பள்ளியில் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

இப்போது பள்ளியில் பெரிய திரை வைத்திருக்கிறார்கள். டீச்சர் அதிலும் பாடம் நடத்துகிறார். வினாடி வினா மட்டும் வைப்பதில்லை. குரலும் முன்போல் இல்லை, கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை என்று இப்போது படிக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

அந்த வருடம் அரசாங்கம் ஒன்பதாம் வகுப்பில் எல்லாரையும் தேர்ச்சி என்று அறிவித்தது. ஹஃப்ஸாவும் பாஸ். அது அவளுக்குத் தெரியுமா என்றுகூடத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். எங்கே இருந்தாலும் வந்து சொல்லிக்கொடுக்கிறேன், பேசக்கூட வேண்டாம், எழுதிக் காட்டினால் போதும் என்கிறார் டீச்சர்.

இதைப் படிக்கும் நீங்கள் உங்களோடு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். கூத்தாநல்லூர் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் அனுப்புங்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்கும் அனுப்புங்கள், நெய்னா முகம்மது அங்கேதான் எங்கேயோ இருக்கிறார். ஹஃப்ஸா கையில் இப்போது எந்த போன் இருக்கிறதோ, யார் பெயரில் இருக்கிறதோ, அதற்குப் போய்ச் சேரும்வரை அனுப்புங்கள்.