சிறைப் பட்டியலில் ரோவீனா பிட்மன்

மேக்கன் நகரத்தில் காலையில் செய்தித்தாள் படிக்கிறவர்கள் குறைவு, சிறைப் பட்டியல் படிக்கிறவர்கள்தான் அதிகம். நேற்று யாரைப் பிடித்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்பதெல்லாம் போட்டோவோடு சிறையின் இணையப் பக்கத்தில் விடிவதற்குள் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பள்ளி பஸ் ஓட்டும் நாங்கள் ஐந்தரை மணிக்கு ஷெட்டில் காபியும் கையுமாக நின்று அதைத்தான் பார்ப்போம். கேவலமான பழக்கம்தான், ஆனால் விட முடியவில்லை.

உரக்க வாசிப்பவள் ரோவீனா பிட்மன். நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ் அவளுடையது. பெயர், வயது, எடை, குற்றம் என்று வரிசை மாறாமல் வானொலிக்காரி மாதிரி வாசிப்பாள்.

"டுவேன் ஹார்க்ரோவ், முப்பத்தாறு வயசு, இருநூத்தி அறுபது பவுண்டு, புல்லு வெட்டுற மிஷின் திருட்டு. இந்த உடம்ப வச்சுக்கிட்டு அதையும் தூக்கிட்டு எப்படித்தான் ஓடினானோ?"

"தூக்கிட்டு எங்கடி ஓடினான், மேல ஏறி உக்காந்து ஓட்டிட்டுப் போயிருப்பான்" என்பேன் நான். ஷெட்டே சிரிக்கும்.

அவளை நல்லவள், பாவம் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளே என்னை அடிப்பாள். வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனால் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறாள், ஒரு கீறல் விழுந்ததில்லை. எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் தூங்கிப்போகும், எந்த வீட்டில் அன்றைக்குக் காலைச் சாப்பாடு இருந்திருக்காது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் 'மிஸ் ரோ' என்று கூப்பிடுவார்கள். பெரியவர்கள் யாராவது பேரைச் சுருக்கினால் மட்டும் விடமாட்டாள். "முழுசா சொல்லு, பல்லு ஒண்ணும் கொட்டிப்போகாது" என்பாள்.

அப்பா டெட்ராய்ட்டுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம் அது. அம்மா கோரா ஆஸ்பத்திரி சமையலறையில் காலையும் மாலையும் வேலை பார்த்தாள். பன்னிரண்டு வயதிலேயே தங்கை ஜுவலுக்குத் தலை பின்னி விடுவதும் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதும் ரோவீனாவின் வேலை ஆகிவிட்டது. ஜுவல் நான்கு வயது இளையவள். பக்கத்து வீட்டு ஜன்னலை ஜுவல் உடைத்தாலும் அடி ரோவீனாவுக்குத்தான் விழும். பெரியவள் நீ பார்த்துக்கொள்ள வேண்டாமா என்பார்கள். பிறகு ரோவீனா ஒரு முடிதிருத்துகிறவனைக் கல்யாணம் செய்து நான்கு வருஷம் வாழ்ந்தாள். அவன் விட்டுப் போன பிறகு தனியாகவே இருந்தாள். அம்மாவுக்கு முழங்கால் போனதும் அழைத்துவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அதாகிவிட்டது ஆறு வருஷம்.

போன ஆகஸ்டில், பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தபோது, மேலாளர் கார்வர் அவளை உள்ளே கூப்பிட்டார். நான் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

"உக்காருங்க, ரோவீனா."

"நின்னுக்கிட்டே கேக்குறேன் சார்."

"வருஷா வருஷம் எல்லார் ரிக்கார்டையும் பாப்போம்ல. உங்க பேர்ல ஒண்ணு வந்திருக்கு. ஜூலை அஞ்சாம் தேதி, நடுராத்திரி தாண்டினதும், குடிச்சிட்டு கார் ஓட்டினதா கைது. அப்புறம் கோர்ட்டுக்கு வரலைன்னு வாரண்ட்."

ரோவீனா சிரித்துவிட்டாள். "எங்க சர்ச்சுல திருவிருந்துக்கே திராட்சைச் சாறுதான் சார் ஊத்துறாங்க. அதத் தாண்டி நான் குடிச்சதில்ல."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க இல்லைன்னா எழுத்துல கொண்டாங்க. பள்ளி தொறக்கறதுக்குள்ள வரலைன்னா நாப்பத்தொண்ணை வேற ஆளுக்குக் குடுத்திருவேன். குடிச்சு ஓட்டின ஆளை நம்பி பிள்ளைங்கள ஏத்த முடியாது. என் கையில ஒண்ணுமில்ல."

அதற்கு முந்தின நாள், ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்துக்காக சர்ச்சில் மீன் வறுவல். மத்தியானத்திலிருந்து வாணவேடிக்கை முடியும் வரை அவள் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகரவில்லை. கூட நின்று கெளுத்தி மீனுக்கு மாவு புரட்டியவள் நான். அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டவளும் நான்தான். ஜூலையில் பள்ளி விடுமுறை, ஷெட்டில் கூட்டம் இல்லை, பட்டியலை யாரும் வாசிக்கவில்லை. அதனால்தான் எங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

என் காரில் உட்கார்ந்து போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தோம். பிட்மன் என்று தட்டியதும் ஏழு பிட்மன்கள் வந்தார்கள். நான்காவது, ரோவீனா. பிறந்த தேதி சரி, வீட்டு விலாசம் சரி. எடை மட்டும் இருபத்தைந்து பவுண்டு குறைவாக இருந்தது.

"பாத்தியா, இது நானே இல்ல. இதக் காட்டினாலே கார்வர் விட்டுருவாரு" என்று சொல்லிக்கொண்டே பேரின் மேல் விரலை வைத்தாள். போட்டோ திறந்தது.

ஜுவல். கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. காதில் ஒரு வளையம் இருந்தது, இன்னொன்றைக் காணோம்.

ஜுவலின் லைசென்ஸை வசந்த காலத்திலேயே முடக்கியிருந்தார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். லைசென்ஸ் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி அக்காவின் பேரைக் கொடுத்திருக்கிறாள். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மோவாய். போலீஸ்காரன் மெஷினில் அக்காவின் போட்டோவைப் பார்த்து ஒத்துக்கொண்டிருக்கிறான். இதற்கு முன் ஜுவல் சிறைக்குப் போனதில்லை என்பதால் அவள் ரேகை அங்கே இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ரோவீனா திட்டவில்லை. போட்டோவுக்குக் கீழே இருந்த பிறந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பொறந்த நாளைக்கு ஒரு போன் பண்ணி பத்து வருஷம் ஆச்சு டெல்பீன். கேட்டா, தேதி மறந்துபோச்சுக்கா, வச்சுக்கோயேன்னு சிரிப்பா. பாரு, வருஷம் மொதக்கொண்டு சரியா சொல்லியிருக்கா."

மறுநாள் காலை சிறையின் ரிக்கார்ட் ஆபீசுக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன். வாரண்ட் இருக்கிறவள் ஓட்டி, வழியில் யாராவது நிறுத்தினால் அங்கேயே விலங்குதான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பேரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, உங்க பேர்ல வாரண்ட் இருக்கு, தெரியுமா?"

"தெரியும். அந்தப் போட்டோவைப் பாருங்க, அப்புறம் என்னைப் பாருங்க."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப கொஞ்சம் மெலிஞ்சிருந்தீங்க போல."

"ஏம்மா, ஒரு மாசத்துல இருபத்தஞ்சு பவுண்டு ஏத்துறதுக்கு இவ என்ன கெடாக் கன்னுக்குட்டியா?" என்று நான் கண்ணாடியில் தட்டினேன். ரோவீனா என் காலை மிதித்தாள்.

அந்தப் பெண் நல்லவள். மெதுவாக விளக்கினாள். ரோவீனா விரல் ரேகை கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பிடிபட்டவளின் ரேகையோடு அதை ஒத்துப் பார்ப்பார்கள். சத்தியம் செய்து ஒரு வாக்குமூலம் எழுத வேண்டும். பிடிபட்டது யார் என்று தெரிந்தால் அந்தப் பேரையும் அதில் எழுத வேண்டும். பொய்ப் பேர் கொடுத்தது தனிக் குற்றம், குடித்து ஓட்டியதைவிடப் பெரியது. எழுதினால் அந்த ஆள் உள்ளே போவது நிச்சயம்.

பதிவுத் தாளின் நகலையும் கொடுத்தாள். முதல் பக்கம் நாங்கள் போனில் பார்த்ததுதான். இரண்டாவது பக்கம் வெளியே விட்ட விவரம். ஜூலை ஐந்து, காலை ஒன்பது இருபது. கைதி ரோவீனா பிட்மனுக்கு ஜாமீன் கையெழுத்து: கோரா பிட்மன். உறவு: தாய். அம்மாவின் உருண்டை எழுத்து. ஆங்கிலத்தில் கோரா என்று எழுதும்போது வரும் இரண்டு வட்டங்களையும் அவள் எப்போதும் பெரிதாகத்தான் போடுவாள்.

ரோவீனா அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "நான் எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்" என்றாள்.

"சார்ஜெண்ட் மூணு மணிக்கு வருவாரு" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "அதுக்குள்ள வந்து எழுதிக் குடுத்திருங்க. அதுவரைக்கும் உங்கள நான் பாக்கல."

அம்மா சமையலறை மேஜையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ரோவீனா தாளை அவள் முன்னால் வைத்தாள். அம்மா கண்ணாடியைத் தேடவில்லை. அது என்ன தாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அன்னிக்குக் காலைல நம்ம சர்ச் சிஸ்டர் எட்னா கூட டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னீங்களேம்மா."

"என்ன பண்ணச் சொல்றே கண்ணு? போன்ல அழுதா. உள்ள வச்சுருவாங்கம்மான்னு கதறினா. அங்க போனப்புறம்தான் உன் பேரைச் சொல்லியிருக்கான்னே தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறம் கையெழுத்துப் போட்டீங்களா, தெரியறதுக்கு முன்னாடியா?"

அம்மா ஒரு காயை உரித்தாள், இன்னொரு காயை உரித்தாள். "அவ பேரு ஏற்கெனவே கிழிஞ்சு கெடக்கு ரோவீனா. இது ஒண்ணு ஏறினா மொத்தமா முடிஞ்சுபோவா. உன் பேர்ல ஒரு பொட்டு இல்ல. ஒண்ணு விழுந்தா தாங்கும்னு நெனச்சேன்."

"என் வேலை போகுதும்மா."

"உனக்கு வேற வேலை கெடைக்கும். நீ எங்க விட்டாலும் பொழைச்சுக்குவே. அவளுக்கு அது வராது."

நான் வாசலிலேயே நின்றிருந்தேன். என்னால் அதற்குமேல் முடியவில்லை. "கோராம்மா, ஒரு மாசமா இவ கையால தெனம் சாப்பிட்டுக்கிட்டு இதை மறைச்சு வச்சிருந்தீங்களே, தொண்டையில எறங்கிச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

ரோவீனா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்து ஜுவலைக் கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"கோர்ட்டுக்காவது போயிருக்கலாம்லடி" என்றாள் ரோவீனா, எடுத்த எடுப்பில்.

"பயமா இருந்துச்சுக்கா. போலாம் போலாம்னு இருந்தேன், சத்தியமா."

"என் பேர எப்படிடி சொல்ல வாய் வந்துச்சு?"

"வேற எந்தப் பேரும் ஞாபகம் வரலக்கா." அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே கோபமும் வந்துவிட்டது. "நீயும் அந்தப் பேர வச்சுக்கிட்டு என்னதான் பண்றே? சர்ச்சு, பஸ்ஸு, வீடு. சும்மாத்தான கெடக்குது. ஒரு தடவ எனக்கு உதவினா தேஞ்சா போயிரும்?"

ரோவீனா போனை வைத்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாத கண்ணு. நான் இருக்கற வரைக்குமாவது எழுதாத. உன் தங்கச்சி அவ."

"நான் உங்க பொண்ணும்மா" என்றாள் ரோவீனா. கையை விடுவித்துக்கொண்டு என்னோடு வந்தாள்.

இரண்டே முக்காலுக்கு அந்த ஜன்னலில் நின்று எழுதினாள். பத்து விரலையும் கொடுத்தாள். யார் என்று கேட்ட கட்டத்தில் ஜுவல் பிட்மன் என்று எழுதினாள். சாயங்காலம் வீடு திரும்பியபோது அம்மா இல்லை. எட்னாவின் காரில் ஜுவல் வீட்டுக்குப் போய்விட்டாள். உரித்த அவரையைக் கிண்ணத்தோடு எடுத்துப் போயிருந்தாள். மூன்றாம் நாள் ஜுவலைப் பிடித்தார்கள்.

எட்டாவது நாள் கார்வர் கேட்ட கடிதத்தை வாங்கப் போனோம். அதே பெண்தான் இருந்தாள், ரோவீனாவைப் பார்த்ததும் சிரித்தாள். கைதானது இவள் அல்ல, வாரண்ட் ரத்து, முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. நாளைக் காலை நாற்பத்தொன்று கிளம்பும், அதில் இவள் இருப்பாள்.

ரோவீனா மட்டும் நகரவில்லை. "இனிமே யாராவது அந்தப் பட்டியல்ல என் பேரத் தட்டினா ஒண்ணும் வராதுல்ல?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஜுவலின் போட்டோ, ஜுவலின் பேர். அதற்குக் கீழே ஒரு வரி. இந்த ஆள் பயன்படுத்திய வேறு பேர்கள்: ரோவீனா பிட்மன்.

"இத எடுக்க முடியாதுங்களா?"

"முடியாதும்மா. அவங்க குடுத்த பேரு அது. குடுத்தது நடந்த விஷயம்தானே, அத அழிக்க மாட்டாங்க. உங்க பேரத் தேடுனா அவங்க வருவாங்க."

"எப்ப வரைக்கும்?"

"எப்பவும்தான்."

"அது எங்கம்மா எனக்கு வச்ச பேருங்க" என்றாள் ரோவீனா. அந்தப் பெண் திரையைத் திருப்பிக்கொண்டாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கடிதத்தை மடியில் வைத்து ஓரம் மடங்காமல் நீவிவிட்டாள். நான் சாவியைத் திருகப் போனேன்.

"வச்சவங்களே எடுத்து அவளுக்குக் குடுத்துட்டாங்க, டெல்பீன்" என்றாள்.

இருபது வருஷப் பழக்கத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. வண்டியைக் கிளப்பாமல் அவள் அழுது முடிக்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.