தோடியில் ஒரு குழம்பு

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கணவரும், மிளகாய் மண்டி வைத்திருந்த அவருடைய திருநெல்வேலி நண்பரும் கூடத்தில் உட்கார்ந்து பழந்தமிழ் நூல்களை அலசுவார்கள். ஒரு ஞாயிறு, பழைய யாழுக்கு எத்தனை நரம்பு என்பதில் வார்த்தை தடித்துவிட்டது. "உமக்குத் தெரிஞ்சது மிளகாய்தான்" என்று இவர் சொல்லிவிட்டார். எழுந்து போன நண்பர் அப்புறம் வரவேயில்லை.

அவரை விட்டால் இவருக்கு மனம்விட்டுப் பேச ஆள் கிடையாது. சோற்றைப் பிசைந்துகொண்டே வெறுமனே உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்கவில்லை. யாழைக் கண்ணால் கண்டிராத இரண்டு பேர் அதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகளின் ஆண்டு நிறைவுக்கு நானே மண்டிக்குப் போய் அழைத்தேன். குழந்தைக்காக வந்தார். வந்தவர் இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று பாடியது என் அண்ணன். திருவொற்றியூரில் பாட்டு வாத்தியார். தன் வித்தையில் அவருக்குக் கர்வம் அதிகம். தோடி ராகத்தை ஆலாபனை செய்தார். வீடே அடங்கிப்போயிற்று. பிறகு முகத்தில் துளி சிரிப்பும் இல்லாமல் பல்லவியைத் தொடங்கினார்.

"இன்னா மச்சான், இன்னிக்கு இன்னா கொயம்பு?"

குழந்தைகள் உருண்டு புரண்டார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம். அந்த இருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் இருவர் கைகளும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. சங்கீதம் தெரிந்தவர்களின் கை கோபத்திலும் சும்மா இருக்காது.

நாலைந்து முறை ஒழுங்காகப் பாடிய அண்ணன், திடீரென்று வரியைத் தாளத்தில் அரை அட்சரம் தாமதமாக எடுத்தார்.

"எடுப்பு தப்பு!"

இவரும் நண்பரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே வரியை இரட்டை வேகத்தில் பாடினார். அதே அரை அட்சரம் தள்ளி. நாலு மடங்கு வேகத்திலும் அப்படியே. கைத்தாளம் இம்மியும் பிசகவில்லை. அப்போதுதான் புரிந்தது, அது தவறியதல்ல. சரியாகப் பாடவே மூச்சு முட்டுகிற இடத்தில், ஒரு தப்பை அத்தனை சுத்தமாக, அதுவும் குழம்பை வைத்துக்கொண்டு செய்துகொண்டிருந்தார்! எனக்குப் புல்லரித்தது. கூடப் பிறந்தவள் நான்; அண்ணன் யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசிச் சுற்றில் தாளத்தின் முதல் தட்டில் குழம்பு கச்சிதமாக வந்து இறங்கியபோது சிரித்துக்கொண்டே அழுதேன்.

நண்பர் எப்போது திரும்பினாரோ, இவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"பாத்தீரா வே?" என்றார்.

"பாத்தேன்" என்றார் இவர். பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நண்பர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.