தொட்டு ஜெபித்த தொட்டிகள்

ஜெயபாய் கேரளத்துப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தவள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணமாகி வித்துராவுக்கு இறங்கி வந்தவள், ஒன்பது வருஷமாக அங்கே ஒரு செடி ஆராய்ச்சிக்கூடத்தின் வலைக்குடிலில் தண்ணீர் ஊற்றும் வேலை பார்க்கிறாள்.

இந்த வருஷம் குடில் நிறைய இஞ்சித் தொட்டிகள். வெள்ளைச் சீட்டு கட்டியது சாதாரண இஞ்சி, நீலச் சீட்டு கட்டியது இரட்டித்த இஞ்சி. ஆராய்ச்சி செய்யும் அஸ்வதி ஒருநாள் அவளுக்கு அதை விளக்கியிருந்தாள். செடி எப்படி வளர வேண்டும் என்று அதன் ஒவ்வொரு உயிரணுவிலும் முழுசாக எழுதியிருக்குமாம். மருந்து கொடுத்து அந்த எழுத்தை இரண்டு மடங்காக்கியதுதான் நீலச் சீட்டு. ஒரு வேதபுத்தகம் இருக்கிற வீட்டில் இரண்டு இருப்பது போல என்று ஜெயபாய் மனசில் வைத்துக்கொண்டாள்.

இரட்டித்த இஞ்சி வாட்ட நோயைத் தாங்குகிறது. தன் பலத்தாலா, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் துணையாலா என்பதுதான் அஸ்வதிக்குத் தெரிய வேண்டும். அதனால் இடது வரிசைத் தொட்டிகளில் தோட்டத்து மண். வலது வரிசையில் ஆவியில் வேகவைத்த, உயிர் ஒன்றும் மிஞ்சாத மண். இரண்டு வரிசையிலும் இரண்டு வகைச் செடியும் உண்டு. எல்லாவற்றுக்கும் நோய்க்கிருமி ஊற்றி மூன்று மாதம் ஆயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை அஸ்வதி குடிலுக்குள் வேகமாக வந்தாள். வீட்டில் தமிழ் பேசுகிறவள்தான். கோபம் வந்தால் மலையாளம் முந்திக்கொள்ளும்.

"எந்தா பிரஜின் இது? வலது வரிசை வெள்ளைச் சீட்டுல நாம ஊத்தின நோய்க்கிருமி மட்டுமில்ல, தோட்டத்து மண்ணோட கிருமி எல்லாம் இருக்கு. வெந்த மண்ணுல எப்படி வந்துச்சு? மெஷினை நேரத்துக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிட்டீங்க, அல்லே?"

மண்ணை வேகவைக்கிறவன் பிரஜின். தற்காலிக ஊழியன். மனைவிக்கு எட்டாம் மாதம்.

"சத்தியமா இல்ல மேடம். ஒவ்வொரு சாக்கும் மூணு தடவை வச்சேன், கேட்டோ. கிருமி தானா வந்திருந்தா நான் என்ன செய்ய? நானா டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன்?"

"தமாஷ் வேண்டா. திங்கக்கிழமை டைரக்டர் சார் வர்றார். உங்க கான்ட்ராக்ட் அவர் கையில."

ஜெயபாய் பிடித்திருந்த குழாய் அவள் காலையே நனைத்துக்கொண்டிருந்தது. கிருமி எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வரிசை மாறும்போது கையுறை மாற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றுகையில் அவள் அதை ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் வேலை முடிந்ததும், வாடிய செடிகளின் அடிமண்ணில் கை வைத்து ஜெபிப்பாள். அப்போது மட்டும் கையுறையைக் கழற்றிவிடுவாள். கையை மூடிக்கொண்டா ஆண்டவரிடம் கேட்பது? இடது வரிசையில் தொட்ட வெறுங்கையோடுதான் தினமும் வலது வரிசைக்குப் போனாள்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பிரஜினுக்குப் போகும். இரண்டு நாளும் அதே யோசனை. உம்மிடம் கேட்டதற்கா ஆண்டவரே இப்படி ஆயிற்று என்று நினைத்தாள். நினைத்ததற்கும் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்தார்கள். மறைத்த குற்றத்தோடு அதை வாங்கக் கூடாதென்று அவள் எழவில்லை. பக்கத்துவீட்டு ரத்னாபாய் முழங்கையால் இடித்தாள்.

"என்னட்டீ, காலு மரத்துப் போச்சா? எழும்பு."

"நீ போ ரத்னா. இன்னைக்கு நான் வரல்ல."

"வயிறு சரியில்லியா?"

"வயிறு இல்ல."

திங்கட்கிழமை சார் வருவதற்கு முன்பே அஸ்வதியின் மேஜைமுன் போய் நின்றாள்.

"மோளே, பிரஜின் ஒண்ணும் செய்யல்ல. கிருமியைக் கொண்டுபோனது நான்தான்."

"நீங்களா? எதுல அக்கா, சோத்துப் பாத்திரத்துலயா?" என்று அஸ்வதி சிரித்தாள்.

ஜெயபாய் வலது கையை நீட்டினாள். "இதுல." எல்லாவற்றையும் சொன்னாள்.

அஸ்வதியின் சிரிப்பு நின்றது. "என்றெ தெய்வமே! மூணு மாசம், அக்கா!" என்று தலையில் கைவைத்தாள். பிறகு, "நீலச் சீட்டையும் தொட்டீங்களா?" என்றாள்.

"இல்ல மோளே. அதுக ரெண்டு வரிசையிலயும் நல்லாத்தானே நிக்குது. தீனம் இல்லாததுக்கு எதுக்குக் கை வைக்க?"

அஸ்வதி சட்டென்று எழுந்து, வலது வரிசை நீலத் தொட்டிகளிலிருந்து மண் எடுத்துப் பரிசோதனைக்கு வைத்தாள். முடிவு தெரியும்வரை பொறுக்கும்படி சாரிடம் கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை தெரிந்தது. ஊற்றிய நோய்க்கிருமியைத் தவிர அந்த மண்ணில் வேறு கிருமி ஒன்றும் இல்லை. வெள்ளைச் சீட்டு மண்ணோடு அதே மெஷினில் அதே நாளில் வெந்த மண்தான். பிரஜின்மேல் குற்றமில்லை. மண்ணில் துணை இல்லாமலே இரட்டித்த இஞ்சி நோயைத் தாங்குகிறது என்பது அந்த மட்டில் நின்றது. வலது வரிசை வெள்ளைச் சீட்டுகளை மட்டும் மறுபடி நட வேண்டும். ஜெயபாய் இருக்கலாமா, போகலாமா என்பதை அடுத்த மாதம் சொல்வதாகச் சார் சொன்னார்.

புதுத் தொட்டிகளின் முன்னால் அவள் கையுறையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதடு மட்டும் அசைய நின்றாள். பிரஜின் மண்சாக்கை இறக்கிவிட்டு வந்தான்.

"சேச்சி, செடிக்குக் கை வைக்காண்டாம். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரிக்கு வச்சுட்டுப் போங்க. சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கேட்டோ."

ஜெயபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. "அவ பேரைச் சொல்லு, இப்பவே ஜெபிக்கேன்," என்றாள்.

"ஜிஷா."