ஒரு வாரம் பின்சீட்டில்

மகளிரியலை நான் விருப்பப் பாடமாக எடுத்ததற்கும் பெண் விடுதலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாடம் பதிவு செய்யும் நாளில் ஒன்பதரை மணி வரைக்கும் தூங்கிவிட்டேன். நான் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் பாடம் நிரம்பிவிட்டிருந்தது. மிச்சம் இருந்தவை புள்ளியியலும் மகளிரியலும். இரண்டில் எதில் கணக்கு இல்லையோ அதில் கையெழுத்துப் போட்டேன். வகுப்பில் நாற்பது பெண்கள், மூன்று பையன்கள். நாங்கள் மூவரும் கடைசி பெஞ்சில், தப்பான கல்யாணத்துக்குள் நுழைந்துவிட்ட ஆட்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் மேடம் எல்லாரையும் ஒரே கேள்வி கேட்டார். "காலேஜுக்கு எப்படி வர்றீங்க?"

நாங்கள் மூன்று பேரும் "வண்டில வர்றேன் மேடம்" என்றோம். வண்டி இருந்த வீட்டுப் பெண்கள் வரிசையாக "அண்ணன் கொண்டாந்து உடும் மேடம்", "அப்பா கொண்டாந்து உடுவாரு மேடம்" என்றார்கள். மேடம் போர்டில் இரண்டு வரி எழுதினார். "வர்றேன்." "கொண்டாந்து உடுறாங்க." பிறகு திரும்பி, "அரிசி மூட்டைய எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

வகுப்பே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் நான்தான். பாதிச் சிரிப்பில்தான் அன்று காலை டீக்கடையில் நான் சொன்னது ஞாபகம் வந்தது. "ஒரு டீ போட்டு வைண்ணா, அக்காவ கம்பெனி பஸ்ல போட்டுட்டு வந்துர்றேன்." மூட்டையைக்கூட யாரும் அப்படிப் போடுவதில்லை.

அன்றைக்கே அசைன்மென்ட்டும் வந்தது. வீட்டில் உள்ள ஒருவரோடு ஒரு வாரம் ஏதாவது ஒன்றில் இடம் மாறிக்கொள்ள வேண்டும். பிறகு அதைப் பற்றி எழுத வேண்டும். சமைக்கலாம், துவைக்கலாம், தண்ணி பிடிக்கலாம் என்று மேடம் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக, "வண்டில பின்னாடி உட்காரலாம்" என்றார். என் கை தானாக மேலே போனது. உலகத்தில் உட்காருவதற்கு மார்க் கொடுக்கும் பாடம் இது ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

வீட்டு நிலவரம் இதுதான். அக்கா சிப்காட் தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் பின்னும் கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை செய்கிறாள். ஸ்கூட்டி அவள் சம்பளத்தில் வந்தது. ஆனால் தெருவில் அதற்குப் பெயர் 'தம்பி வண்டி'. தினமும் அதில் அவளை ஜிஎன்டி ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கொண்டு போய் விடுவது என் வேலை. அந்த மாதம் கம்பெனிக்காரர்கள் மாதர்பாக்கம் போகும் ரோட்டில் புதிதாக ஒரு யூனிட் திறந்தார்கள். அங்கே தரம் பார்க்கும் வேலைக்கு அக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். லைனில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு நாற்காலி போட்ட வேலை. ஊர்ப் பெயரிலேயே மாதர் இருக்கிறது, ஆனால் மாதரை ஏற்றிக்கொண்டு போக அந்தப் பக்கம் கம்பெனி பஸ் கிடையாது. சொந்த வண்டியில் வர வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் நைனா இரும்பு ஆலையில் வேலை செய்கிறவர். கண்டெய்னர் லாரிகளைத் தினமும் பார்க்கிறவர். "இன்னாத்துக்கு நீ ஓட்டற? அவன் கொண்டாந்து உடுவான்" என்றார்.

"இவனா? இவன் பல்லு வெளக்கறதுக்குள்ள அங்க டீ டைம் வந்துடும் நைனா" என்றாள் அக்கா. பேச்சு அதோடு நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் நான் போய், "யக்கா, இந்த வாரம் நீ ஓட்டு. நான் பின்னாடி குந்திக்கறேன்" என்றேன். அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. உடனே பீரோவைத் திறந்து, புடவை அடுக்குக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். எல்எல்ஆர்! வண்டி ஓட்டிப் பழகுவதற்கான அனுமதிச் சீட்டு. எடுத்து ரெண்டு மாசம் ஆகிறதாம். "எல்லாம் கீதுடா. வண்டியதான் எவனும் குடுக்கல" என்றாள். எவன் அந்த எவன் என்று நான் கேட்கவில்லை.

நைனா வாசலில் வழிமறித்தார். "இன்னாடா இது? நீ பின்னாடி குந்திக்கினு கீற?"

"காலேஜ்ல சொல்லிக்கிறாங்க நைனா. மார்க்கு."

"குந்தறதுக்கா?"

"பத்து மார்க்கு நைனா."

மார்க் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் சாமிக்கு நிகரான மரியாதை. ஒதுங்கி வழி விட்டார்.

பின்சீட்டு என்பது உட்காருவது அல்ல என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. முட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்காவின் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். லாரி ஹாரன் அடித்தபோதெல்லாம் என் விரல்கள் அந்தப் பையின் கைப்பிடியைப் பிரேக் என்று நினைத்து இறுக்கிப் பிடித்தன. வாயும் சும்மா இல்லை. "மெதுவா, மெதுவா... பள்ளம் பள்ளம்... பஸ்சு வர்து யக்கா!"

டீக்கடையில் இருந்து குரல் வந்தது. "இன்னா தலைவரே, கால் ஒட்ஞ்சி போச்சா?"

நான் பதில் யோசிப்பதற்குள் அக்கா, "இல்லண்ணா, இவன கொண்டு போய் காலேஜ்ல போட்டுட்டு வரேன்!" என்று கத்திவிட்டுப் போனாள். நான் அவளிடம் வகுப்பில் நடந்ததைச் சொல்லவே இல்லை. சத்தியமாக.

இரண்டாவது நாள் வழியில் வண்டியை நிறுத்தி, கூட வேலை செய்யும் பெண்ணோடு பேச ஆரம்பித்தாள். வெயிலில் பையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். "யக்கா, போலாமா?" என்றேன். திரும்பிப் பார்த்து, "டீ சாப்பிட்டு வந்துர்றேன்டா, ரெண்டே நிமிஷம்" என்றாள். அச்சாக என் வசனம், என் குரலிலேயே. ஒரு வருஷமாக அவள் அந்த வெயிலில் நின்றிருக்கிறாள், நான் டீக்கடைக்குள் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் ஓட்டும்போது அவள் பின்னால் உட்கார்ந்து ஒரு நாளும் "மெதுவா" என்றுகூடச் சொல்லவில்லை. என்னால் ஒரு கிலோமீட்டர் வாயை மூட முடியவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம். எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடும் இடத்தில் இரண்டு தடவை காலை ஊன்றித் தோற்றவன் நான். அதுவும் கியர் இல்லாத வண்டியில். "கார்டு தபால்ல வரும் நைனா" என்று சொல்லி ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். அந்தத் தபால்காரர் மேல் நைனாவுக்கு அப்போது தீராத கோபம். ஆக, அந்த வாரம் எங்கள் வண்டியில் இரண்டு பேர் போனோம், லைசென்ஸ் உள்ளவர் யாரும் போகவில்லை.

சாயங்காலங்களில் காலி பிளாட்டில் அக்கா கோலமாவில் பெரிய எட்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஓட்டிப் பழகினாள். நடுவில் கோடு குறுக்கே வெட்டும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் கால் தரையைத் தொட்டது. "நீ எப்படிடா போட்ட?" என்று கேட்டாள். "அது ஒரு டெக்னிக்" என்றேன்.

வியாழக்கிழமை டெஸ்ட். அன்று தோற்றால் மறுபடி வர ஒரு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை வேலை போய்விடும். வரிசையில் நிற்கும்போது அக்கா விரலால் காற்றில் எட்டு போட்டுக்கொண்டே இருந்தாள். நான் இன்ஸ்பெக்டர் கண்ணில் படாமல் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்ளும் வசதி பையன்களுக்கு இல்லையே என்று அன்றுதான் வருத்தப்பட்டேன்.

அக்காவுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் இருந்தபோது இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தினார். அவர் கண் நேராக என்னிடம் வந்தது.

"இன்னாபா, நீயா? மூணாவது வாட்டியா? இந்த வாட்டியாவது கால வண்டி மேல வைப்பியா?"

அக்கா மெல்லத் திரும்பினாள். "மூணாவதா?"

"கார்டு... தபால்ல..." என்று ஆரம்பித்தேன்.

அடி விழும் என்று நினைத்தேன். அக்கா சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "டெக்னிக்காம்! டேய்... டெக்னிக்காம்!" அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்படியே வண்டியில் ஏறினாள். வாரம் முழுக்க விறைத்துப்போய் இருந்த தோள் இரண்டும் சிரிப்பில் குலுங்கித் தளர்ந்திருந்தன. நடுக்கோட்டுக்கு வந்தாள். நான் பையின் கைப்பிடியைப் பிடித்து நசுக்கினேன். கால் இறங்கவில்லை. எட்டு முழுசாக, கோலம் மாதிரி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது.

வெள்ளிக்கிழமை போய் லைசென்ஸ் விவரத்தைக் காட்டிவிட்டாள். திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் நாளே நாற்காலி ஆடுகிறது என்று புகார் செய்தாளாம்.

என் அசைன்மென்ட்டை மேடம் படித்தார். பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: 'ஒரு வாரம் முடிந்ததா?'

முடியவில்லை மேடம். வீட்டில் இப்போது லைசென்ஸ் உள்ளவள் ஒருத்திதான். தினமும் காலையில் எழுப்பி, என்னைக் கொண்டு போய் காலேஜ் பஸ் ஸ்டாப்பில் போட்டுவிட்டு, அவள் மாதர்பாக்கம் ரோட்டில் திரும்புகிறாள். தெருவில் ஸ்கூட்டிக்குப் பெயர் இப்போது 'அக்கா வண்டி'. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எட்டு கற்றுக்கொடுக்கிறாள். நடுக்கோட்டில் இன்னும் கால் இறங்குகிறது. தபால் கதை தெரிந்துபோன நைனா சேர் போட்டு உட்கார்ந்து பார்க்கிறார், இலவசம் என்பதால்.

இன்று காலைகூட ஒரு கண்டெய்னர் லாரி பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அளவுக்குப் பாடம் ஏறியிருக்கிறது. ஆனால் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை.

"டேய்," என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. "பைய நசுக்காத. உள்ள தயிர்சாதம் கீது."