‘ஆச்சு’ என்ற பிறகே கிழிக்கவும்

பழைய கோப்பை நகலெடு, நகலை மூலத்தோடு ஒப்பிடு, பிறகு பழையதை அழி. இப்படிக் கணினிக்குக் கட்டளைகளை வரிசையாகக் கோத்து எழுதும் வேலையில் முப்பது வருஷம் இருந்தேன். ஷெல் ஸ்கிரிப்ட் என்பார்கள். இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் ஓர் அரைப்புள்ளி வைத்தால், முதல் வேலை முடிந்ததோ இல்லையோ, கணினி அடுத்ததைச் செய்துவிடும். நகல் பாதியில் நின்றுபோயிருந்தாலும் மூலத்தை அழித்துவிட்டு, சொன்னதைச் செய்தேன் என்று நிற்கும். அரைப்புள்ளிக்குப் பதிலாக && என்று போட்டால், முந்தையது ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்ததைத் தொடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை எனக்கு விளக்க வந்தவர் இரண்டே நிமிஷத்தில் நிறுத்திக்கொண்டு, “உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்போல இருக்கே” என்றார். தெரியும். ஒன்பது வயதில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், ஒரு பக்கத்தை எரித்துக் கற்றுக்கொண்டது.

அப்பா அங்கே ஒரு சின்ன ஆரம்பப் பள்ளிக்குத் தலைமையாசிரியர். அந்த வருஷம் மழைக்குப் பள்ளி அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. மற்றவற்றை விட்டுவிட்டு, சேர்க்கைப் பதிவேடு என்ற ஒரே புத்தகத்தைத்தான் அது விரும்பித் தின்றிருந்தது. பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாம் அதில்தான். அஞ்சாவதோடு நின்றுவிட்டவர்களுக்கு வயதைச் சொல்ல உலகத்தில் வேறு காகிதம் கிடையாது. புதுப் புத்தகத்தில் நகலெடுத்துவிட்டு, கரையான் பரவாமல் பழைய தாள்களை உடனுக்குடன் எரித்துவிட வேண்டும் என்று நிர்வாகத்தில் முடிவாயிற்று. கோடை விடுமுறையில் அப்பா பதிவேட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

வேலையை அவர் நான்காகப் பிரித்தார். எட்டாவது முடித்திருந்த அக்கா, பழைய தாளைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும். அத்தை எழுத வேண்டும். அவள் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும். அப்பா இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கடைசியில் நான் பழைய தாளை நான்காகக் கிழித்து, பக்கத்து வீட்டுச் சாயப்பட்டறை அடுப்பில் போட்டுவிட்டு வர வேண்டும். அங்கே பட்டு நூலைத் தோய்க்கப் பெரிய கொப்பரையில் தண்ணீர் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஒரு விதியும் உண்டு. அவரவர் வேலை முடிந்ததும் ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும். முன்னால் இருப்பவர் அதைச் சொல்லாமல் அடுத்தவர் கையை நீட்டக் கூடாது. முதல் நாள் அப்பா எங்களைப் பெயர் பெயராகக் கேட்டார். “ஆச்சுன்னு சொல்லலைன்னா என்னா பண்ணுவே?” மூன்று பேரும் “சும்மா இருப்போம்” என்றோம். அத்தையும்தான் சொன்னாள்.

நான்கு வேலைகளில் என்னுடையதுதான் உசத்தி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படிப்பதும் எழுதுவதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நெருப்பிடம் போகிற அனுமதி எனக்கு மட்டும்தான். பட்டறைக்காரர் என்னைப் பார்த்ததும், “வந்துட்டாங்கப்பா ஆபீசர். வழி விடு” என்பார்.

ஆறு நாள் ஒரு பிழை இல்லாமல் ஓடியது. ஏழாம் நாள் காலை, நிர்வாகத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அரைமணி நேரம்தானே, வேலை நிற்க வேண்டாம், ஒப்பிடுவதையும் நீயே பார்த்து நீயே ‘ஆச்சு’ சொல்லிவிடு என்று அத்தையிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அப்பா தான் போட்ட விதியைத் தானே தளர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

அன்றைய தாளில் இருபத்திரண்டு பெயர்கள். ஒன்பதை எழுதி முடித்து, அக்கா பத்தாவதைப் படித்துக்கொண்டிருந்தாள். வாசலில் பூக்காரம்மா கூப்பிட்டாள். அக்கா தாளைப் பலகைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அத்தை பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அண்ணி, பாலுக்கு உறை ஊத்தியாச்சா?”

“ஆச்சு, ஆச்சு” என்றாள் அத்தை.

நான் தாளை எடுத்தேன், கிழித்தேன், ஓடினேன். அத்தையின் இரண்டு ‘ஆச்சு’வுக்கு மரியாதையாக எட்டாகவே கிழித்தேன். திரும்பி வந்தபோது அக்கா பூவைக் கையில் வைத்துக்கொண்டு, பலகைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

“இங்க வெச்ச பேப்பர் எங்கடி?”

“அத்தை ஆச்சுன்னாங்க.”

அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மூன்று பேரும் சாயப்பட்டறைக்கு ஓடினோம். பட்டறைக்காரர் நீண்ட கழியால் அடுப்பைக் கிளறிப் பார்த்தார். “சாம்பல்கூடக் கெடைக்காதும்மா. வேலங்கட்ட நெருப்பு” என்றார்.

அப்பா வந்ததும் அத்தைதான் சொன்னாள். அவர் என்னை அடிக்கவில்லை. சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, எழுதப்பட்டிருந்த ஒன்பது பெயர்களை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார். பிறகு, “பதிமூணு பேரு” என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. அதனால் நானும் சாப்பிடவில்லை. ஆனால் எனக்கு ரொம்பப் பசித்தது.

அப்பாவின் வேலைக்கே ஆபத்து என்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “உன்னாலதான்” என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை.

மறுநாள் அப்பா என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். எரிந்த பக்கத்துக்காரர்களுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல் இருக்கும். எழுதியிருந்த ஒன்பது பேரில் கடைசிப் பெயருக்குரியவர் இரண்டு தெரு தள்ளித் தறி நெய்துகொண்டிருந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவை நிறுத்தாமலே கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கு அப்புறம் மாசிலாமணி. அவனுக்கு அப்புறம் ஏகாம்பரம், கன்னியப்பன், ரெண்டு வரதன்…” பதிமூன்று பெயர்களும் வரிசை மாறாமல் வந்தன. “அஞ்சு வருசம் தெனம் காலைல கூப்பிட்டாங்களே சார், மறக்குமா? எம் பேர யாராவது கூப்பிட்டா, உள்ளேன் ஐயான்னு இன்னும் வாய்ல வருது.”

பெயர்கள் கிடைத்துவிட்டன. தேதிகள்தான் கிடைக்கவில்லை. பத்து நாள் சுற்றினோம். சில வீடுகளில் ஜாதகம் இருந்தது. ஒரு வீட்டில் தகப்பனார் ஒரு வருஷமும் தாயார் வேறொரு வருஷமும் சொல்லி, எங்களை மறந்துவிட்டுப் பழைய சண்டை ஒன்றைத் தொடங்கினார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு அம்மாள், கருட சேவை அன்றைக்குப் பிறந்த பிள்ளை என்று அடித்துச் சொன்னார். அப்பா ஒவ்வொருவரிடமும் மூன்று முறை கேட்பார். முதலில் நேராகக் கேட்பார், கொஞ்சம் வேறு பேச்சு பேசிவிட்டு மறுபடி கேட்பார், சைக்கிளில் ஏறப் போகும்போது இன்னொரு முறை கேட்பார். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் குறித்துக்கொள்வார். பன்னிரண்டு பெயர்கள் இப்படி முடிந்தன.

மிச்சமிருந்தது மாசிலாமணி. அவருடைய அம்மா ஒருகாலத்தில் பிள்ளையார்பாளையத்தில் சாயத்தொட்டியில் வேலை பார்த்தவர். பிறகு சொந்த ஊரான கூரத்துக்கே திரும்பி, நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது கழனியிலிருந்து சேற்றுக் காலோடு வந்து வரப்பில் நின்றார். மாசிலாமணியும் வந்தார். ஒல்லியாக, உயரமாக இருந்தார்.

“தேதியெல்லாம் எனக்குத் தெரியாது சார்” என்றார் அந்த அம்மா. “ஆனா ஒண்ணு. பள்ளிக்கூடத்துல சேக்க சொல்லோ, அப்ப இருந்த பெரிய சாரு, தலைக்கு மேல கையச் சுத்தி அந்தப் பக்கக் காதத் தொடுடான்னாரு. தொட்டுட்டான். அஞ்சு வயசு ஆயிடுச்சின்னு எழுதிக்கினாரு. அவனுக்கு அப்ப நாலுதான் சார். கை நீளம் அவனுக்கு.”

மாசிலாமணி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “சர்க்கார் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க சார். அஞ்சாவது படிச்சிருந்தா போதும்னாங்க. வயசுக்குப் பள்ளிக்கூடத்துச் சீட்டு கேக்கறாங்க. பழைய கணக்குப்படி போனா ஒரு வருசம் தாண்டிடுது. அதான் நான் உங்ககிட்ட வந்து கேக்கவே இல்ல.”

“புஸ்தகத்துல என்ன இருந்துதோ அதைத்தான் நான் எழுத முடியும்” என்றார் அப்பா.

“எரிஞ்சிபோச்சின்னீங்களே சார்” என்றார் அந்த அம்மா. கேலியாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்பா சைக்கிளை எடுத்தார். திரும்பி வரும்போது எதிர்க்காற்று.

சாயங்காலம் கூடத்தில் புதுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அக்காவையும் அத்தையையும் கூப்பிட்டு, கூரத்தில் கேட்டதையெல்லாம் சொன்னார். நான் தூணருகே நின்றேன்.

“அன்னைக்கு நீ எதுவரைக்கும் படிச்சே? மாசிலாமணி பேரைப் படிச்சியா?”

அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். “இல்லப்பா. ஒம்பதோட எழுந்துட்டேன்.”

அது பொய். அவள் படித்தாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, மாதம், வருஷம் எல்லாவற்றையும் படித்தாள். தேதியும் மாதமும் என்னுடையதேதான் என்று காலால் என்னை இடித்துவிட்டுத்தான் பூ வாங்கப் போனாள். அத்தையும் கேட்டிருக்கிறாள். நான் அத்தையைப் பார்த்தேன்.

“நான் மை ஊத்திக்கினு இருந்தேன். எங் காதுல எதுவும் விழல” என்றாள் அத்தை.

சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. அக்காவை மாட்டிவிட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் அந்தத் தாளைப் பற்றிப் பேச்செடுத்தால், அதை எரித்தது யார் என்பதும் கூடவே வரும். அத்தையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்பா பேனாவைத் திறந்து, மாசிலாமணியின் அம்மா சொன்னபடி, சேர்ந்தபோது நாலு வயது என்ற கணக்கில் எழுதினார். பக்கத்தின் அடியில், இந்தப் பக்கத்தின் மூலம் தன் கவனக்குறைவால் எரிந்துவிட்டது என்றும், நேரில் விசாரித்துத் திரும்ப எழுதப்பட்டது என்றும் குறித்துக் கையெழுத்துப் போட்டார். என் பெயர் அதில் இல்லை. அந்தக் குறிப்புக்காக அவரிடம் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து வர வேண்டிய ஒரு பதவி உயர்வு வரவில்லை. மீதித் தாள்களை எழுதும்போது, வீட்டில் யாரும் தப்பித்தவறிச் சொல்லிவிடாத வார்த்தையாக இருக்கட்டும் என்று ‘ஆச்சு’வை எடுத்துவிட்டு ‘முற்றும்’ என்று வைத்தார்.

மாசிலாமணிக்கு வேலை கிடைத்தது. ஒரு கோணி நிறைய வேர்க்கடலை கொண்டுவந்து வாசலில் இறக்கினார். அப்பா ஒரு படி மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பினார்.

அக்காவோடு நான் அந்தக் கோடை முழுவதும் பேசவில்லை. திட்டு விழும் என்று பயந்து பொய் சொன்னாள் என்றும், பாவம், அப்பா அதை நம்பி ஏமாந்துபோனார் என்றும்தான் எனக்குள் வெகுநாள் ஓடியது. பத்து நாளாக அவருக்குப் பின்னால் சைக்கிளில் உட்கார்ந்து, எந்த வீட்டிலும் மூன்று முறை கேட்காமல் அவர் பேனாவைத் திறந்ததில்லை என்று பார்த்தவள் நான். அன்று அக்காவிடம் அவர் ஒரே ஒரு முறைதான் கேட்டார். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.